பெங்களூரா என்றொரு கப்பல்

கிருஷ்ணகிரியிலிருந்து கடலுக்குப் போக
எந்தத் திசையானாலும் நாலைந்து சுங்கச்சாவடி.
முதல் சாவடியில், ஏழாம் நம்பர் லேனில்
நான் உட்கார்ந்திருக்கிறேன்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை.
ஏழு மணிக்குக் கப்பலேறிவிடுவேன்.

நாங்கள் நாலு பேர்.
பெங்களூர் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் அப்ரோஸ்,
மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்க்கும் திம்மராயன்,
நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கும் போச்சம்பள்ளி சௌபாக்யா,
அப்புறம் நான்.
கப்பலுக்குப் பெயர் வைப்பதில் இரண்டு நாள் சண்டை.
கடைசியில் பெங்களூரா.
எதிரே வருகிறவன் ஏதோ நகரம் என்று பயப்படுவான்.
கூழுக்குப் போகிற மாம்பழம் அது.

அப்ரோஸுக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை.
ஒரு நாள் தவறாமல் வந்து சொல்வான்:
"இது கப்பலா டவுன் பஸ்ஸா?
சுக்கானத் திருப்புனா அப்படியே வளையுது, எடையே இல்ல.
நாப்பது பேருக்கு ஒரே தாடி.
நாப்பது பேரும் அதே பெட்டியத்தான் தேடச் சொல்றானுங்க.
குடுத்த காசுக்கு..."
அதோடு நிறுத்திக்கொள்வான்.
கொடுத்தது நான்.

சௌபாக்யாவின் புகார் வேறு.
"குண்டடி பட்டவன் ஒரு வாய் ரம் குடிச்சா
எழுந்து ஓடுறான்.
ஒரு கட்டுத்துணி இல்ல இந்தக் கப்பல்ல."

திம்மராயனுக்குப் பீரங்கி மட்டும் போதும்.
ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் இடையில்
பாய்மரத்தடியிலேயே தூங்கிப்போவான்;
குறட்டை எங்கள் மூன்று பேர் காதிலும் கேட்கும்.
விழித்ததும் கேட்பான்:
"நடுவுல எதுக்கு இவ்வளவு தண்ணி?"
சித்திரை மாதத்தில் எங்கள் தெருவில்
யாரும் கேட்டிராத கேள்வி.

எனக்குப் பிடித்ததே அந்தத் தண்ணீர்தான்.
காற்று எதிராக வீசும்.
பாயை இறக்கிவிட்டுச் சும்மா நிற்பேன்.
ஹாரன் இல்லை.
"நான் யாருன்னு தெரியுமா" இல்லை.
கார்டில் பணமில்லாமல்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இல்லை.
சரக்குக் கப்பல் ஒன்று பக்கமாய்ப் போகும்,
மறித்துப் பிடுங்குவதுதான் எங்கள் தொழில்.
நான் கையசைப்பேன்.
"ஏன் விட்ட? ஏன் விட்ட?" என்று அப்ரோஸ் கத்துவான்.
அவனுக்கு எப்படிச் சொல்ல,
எட்டு மணி நேரம் மறித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று.

நேற்று மூன்றரை மணிக்கு ஒரு கல் லாரி.
கறுப்பு கிரானைட், ஒரே துண்டு,
சங்கிலி போட்டுப் படுக்கவைத்த யானை மாதிரி.
சிஸ்டம் தொங்கிவிட்டது. தடுப்புக் கட்டை ஏறவில்லை.
டிரைவர் இறங்கி வந்து பீடி பற்றவைத்தார்.
எங்கே போகுது என்றேன்.
"ஹார்பருக்கு. பத்தொம்பது வருஷமா."
கடல் எப்படி இருக்கும்?
யோசித்தார்.
"கேட்டுக்கு வெளியே மூணு நாள் நிப்பாட்டுவான்.
உள்ள விட்டா, கல்ல இறக்குனதும் கிளம்புன்னுவான்.
சுவர்தாம்மா தெரியும். பெரிய சுவர்.
அதுக்கு அந்தாண்ட சத்தம் கேக்கும்."
கட்டை ஏறியது. போய்விட்டார்.

இன்று காலை காற்று வாகாய் இருந்தது.
கப்பலைத் துறைமுகத்துக்குத் திருப்பினேன்.
அங்கே வேலை எதுவும் இல்லை,
புதையல் இல்லை, பெட்டி இல்லை.
அப்ரோஸ் திட்டிக்கொண்டே வந்தான்.
மதில் தெரிந்தது.
முட்டும் தூரம் போய்
பாய்மரத்தின் உச்சிவரை ஏறி எட்டிப் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்
எதையும் வரைந்திருக்கவில்லை.
வெறும் சாம்பல் நிறம்,
விடியுமுன் லேனில் படியும் பனிபோல.
அதில் எங்கோ
ஒரு லாரி நிற்பதாக வைத்துக்கொண்டேன்.

குறட்டை நின்றது.
"என்ன இருக்கு அங்க?" என்றான் திம்மராயன்.
சுவர் என்றேன்.
"சுடவா?"

கொஞ்சம் பொறு என்றேன்.