ரிசீவரின் கணக்கு

மூன்றாந்தரம் என்று சொல்லி முடித்தாரா,
சொல்ல வாயெடுத்து இருமினாரா?
மோல்மேன் முனிசிபாலிட்டி சூப்பிரண்டின்
அந்த ஓர் இருமலுக்கு
இரண்டு வக்கீல், பதினேழு சாட்சி,
ஒன்பது வாய்தா.

ஒன்பதாயிரத்து நூறு என்று கை தூக்கியவர்
மதார்சா ராவுத்தர்.
இருமல் ஓயுமுன்பே இருநூறு என்றேன் என்கிறார்
வைரவன் செட்டியாரின் மேலாள்.
கீழ்ச்சந்தைக் குத்தகை, ஏப்ரல் முதல் மார்ச் வரை.
கூடைக்கு ஓரணா,
ஙாப்பிச் சாடிக்கு இரண்டணா,
பாய் விரித்தால் அரையணா.

தீர்ப்பாகும்வரை இருவரும் சந்தைக்குள் கை நீட்டக்கூடாது என்று
கோர்ட்டு ஒரு ரிசீவரைப் போட்டது.
அது நான், தைரியநாதன்.
பித்தளை வில்லை ஒன்று, சீட்டுப் புத்தகம் நாற்பது,
மழைக்கு ஒரு குடை. குடைக்குத் தனி வவுச்சர்.

முதல் நாள் மீன்காரி டோ ச்சோ
கூடையை இறக்கியதும் மூன்றணா நீட்டினாள்.
ஓரணாதான் என்றேன்.
என் முகத்தைப் பார்த்தாள்.
கட்டணப் பலகை அங்கேதான் தொங்குகிறது,
இங்கிலீஷில்,
வெற்றிலைச் சாக்குகளுக்குப் பின்னால்.
இரண்டணாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்காமல் கேட்டாள்:
"வேறென்ன வேண்டும் உனக்கு?"

மழை மாதங்களில் சல்வீன் படியேறி வந்து
இறைச்சி வரிசைவரை நின்றது.
சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
உரித்து உரித்துக் கொடுத்தேன்.
இரவில் லாந்தரடியில் மேலிருந்து கீழாகக் கூட்டி,
நம்பாமல்
கீழிருந்து மேலாகவும் கூட்டினேன்.
பதினோரு மாதம், ஒரு கூடை விடவில்லை, ஒரு சாடி விடவில்லை:
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மூன்றணா.

நாலாயிரம் காய்க்கிற மரத்துக்கு
ஒன்பதாயிரம் தருகிறேன் என்று
இரண்டு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள்.

கணக்கை ஜட்ஜ் மேசையில் வைத்த அன்றுதான்
இரண்டு வக்கீல்களும் முதல் தடவையாகச்
சேர்ந்து எழுந்தார்கள்.
ஆட்சேபணை.
வழக்கு இருமலைப் பற்றியது, கனம் கோர்ட்டாரே,
கூடையைப் பற்றியது அல்ல.
ஜட்ஜ் என் பேரேட்டை மூடி
அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்தார்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது.
குத்தகை வருஷம் தீர்ந்தது, கூடவே வழக்கும்:
கேட்ட பொருளே இனி இல்லை என்று ஒன்றரைப் பக்கம்.
செலவு அவரவர் தலையில்.
மறுவாரம் புது ஏலம். ஒரே ஒரு கை எழுந்தது.
ராவுத்தரும் செட்டியாரும் கூட்டாம்.
சூப்பிரண்டு மூன்று தரமும்
கரகரப்பில்லாமல் சொன்னார்.

டோ ச்சோ என் ஓரணாச் சீட்டுகளை
மீன் கொக்கியில் கோத்து வைத்திருந்தாளாம்.
நாலணா கேட்டவனிடம் எடுத்துக் காட்டினாளாம்.
அவன் கோபப்படவில்லையாம்.
"அது கோர்ட்டு நடத்திய சந்தை, அக்கா.
இது சந்தை."

வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
குடை வவுச்சர்
இன்னும் பாஸாகவில்லை.