மணற்கயிறு

சாஸ்கட்டூனில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தெட்டு.
எந்தப் பக்கம் போனாலும் கடல்
ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது.
எங்கள் வீட்டு நிலவறையில்
துணி உலர்த்தும் எந்திரத்துக்கும்
ஓரெஸ்ட்டின் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே
நானூறு லிட்டர்.

வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறவள் நான்,
அடர்த்திமானியின் முள்
கோட்டில் வந்து நிற்கும்வரை.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு
மாநகராட்சி லாரியில் ஏறி
சந்தி சந்தியாக
உப்பும் மணலும் இறைக்கிறவளும் நான்.

அட்டைப்பெட்டியில் வந்தது அட்டை.
வான்கூவரிலிருந்து, விமானத்தில்,
இரண்டு பாலித்தீன் பைக்குள்.
"இதற்கா எழுபது டாலர்?" என்றான் ஓரெஸ்ட்.
"யாரோ தொலைத்த காலுறை மாதிரி இருக்கிறது."

கடலட்டை.
பெயரில்தான் அட்டை;
ரத்தம் குடித்ததில்லை, யார் காலையும் பற்றியதில்லை.
முகம் என்று ஒன்று கிடையாது.
முன்பக்கம் தின்னும்,
பின்பக்கம்
மூச்சும் விடும், மற்றதும்.
(சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லப்போய்
மாமியார் பரஸ்கா
முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.)

அதிகாலை ஐந்துக்கு நான் திரும்புவேன்.
அதற்கும் அப்போதுதான் ஷிப்ட் முடியும்.
நீல விளக்கில், பாறையடியிலிருந்து பாதி உடம்பை நீட்டி
ஒவ்வொரு விரலாக மணலில் தோய்த்து
ஒவ்வொரு விரலாக வாய்க்குள் விட்டு
சப்பி, எடுத்து, மறுபடி தோய்த்து.
பின்னால் வந்து விழும்
வெளுத்த மணல்,
முறுக்கிய கயிறாக.

மணலைக் கயிறாகத் திரிப்பவர் என்று
வாய்ச்சாலக்காரரைச் சொல்வார்கள்.
வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாமல்
இது திரித்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு.
அலைமோட்டாரின் பஞ்சுறையைக்
கழுவக் கழற்றினேன்.
தொலைபேசி. எட்டாவது தெருவில் கண்ணாடிப் பனி,
பேருந்து ஒன்று குறுக்கே நிற்கிறதாம்.
ஓடினேன்.
உறை தொட்டியடியில் கிடந்தது,
சொட்டச் சொட்ட.

திரும்பி வந்தபோது தண்ணீர்
அரிசி களைந்தது போல.
கோமாளிமீன் இரண்டு,
மஞ்சள் டாங்,
ஓரெஸ்ட் தன் கையால் இரை பழக்கிய மாண்டரின்,
எல்லாம் ஒருக்களித்து.
கண்ணாடியில் ஏறியது மோட்டார்வரை போயிருக்கிறது.
பாறையெங்கும் வெள்ளை நூல் நூலாக
அதன் குடல்.
உயிர்பயம் வந்தால் அப்படித்தான்,
உள்ளிருப்பதை ஒன்றுவிடாமல்
கக்கிவிடும்.

"விஷம்," என்றான் ஓரெஸ்ட்
வலையும் கையுமாக.
அவன் அழுது நான் பார்த்தது அது இரண்டாம் தடவை.
"காசு கொடுத்து விஷத்தை வாங்கி வந்திருக்கிறோம்."
ஆமாம் என்றேன்.

அவன் படியிறங்கி வருமுன்பே
பஞ்சுறை என் கோட்டுப் பைக்குள் போயிருந்தது.
அன்றிரவு லாரியிலிருந்து இறங்கிக் கைவிட்டபோது
கல்லாக இருந்தது.

தூக்கி எறியச் சொன்னான்.
எறியவில்லை. புது உப்புநீரில், வாளியில்
காற்றுக்குழாய் வைத்துப் போட்டேன்.
வாரக்கணக்கில் ஒன்றும் தின்னவில்லை.
தின்பதற்கு வயிறு ஏது?
என் உப்பைத் தின்று வந்த உயிர்;
என் பழியும் அதன் கணக்கில்.

ஐந்தாம் வாரம்
நான் தூவியிருந்த பிடி மணலில்
அரை விரல் நீளத்துக்கு,
தொட்டால் உதிரும் மெல்லிசாக
ஒரு கயிறு.

ஓரெஸ்ட்டைக் கூப்பிட்டேன்.
குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.
"மன்னித்துவிடலாமா இதை, வெர்லா?"
"அதன்மேல் தப்பில்லை," என்றேன்.
அதுவரைக்கும்தான் வந்தது.
மிச்சம் தொண்டைக்குழியில் ஏறி
திரும்ப இறங்கிவிட்டது.

வெளியே உருகிக்கொண்டிருக்கிறது.
குளிர்காலம் முழுக்க நான் இறைத்த மணலெல்லாம்
தெருவோரம் மேலே வந்து கிடக்கிறது.
திங்கள்கிழமையிலிருந்து
அதைக் கூட்டி அள்ளும் வண்டியில்
எனக்கு வேலை.