மீட்டர் ஓடாத வீடு

ஊரின் பெயர் ஆஹோ.
அரிசோனாவில், பாலைக்கு நடுவே.
செம்புச் சுரங்கம் ஓடியவரை
ஓஹோ என்றும் இருந்தது.
இப்போது மிச்சம் ஒரு பெரிய பள்ளம்,
கொஞ்சம் தெருக்கள்,
வாசலுக்கு வாசல் மண்ணில் புதைந்த
இரும்பு மூடிகள்.

கம்பியால் நெம்பி
அந்த மூடிகளைத் திறப்பவன் நான்.
முதலில் சிலந்தி. சில நாள் தேள்.
அப்புறம்தான் எண்.
இந்த ஊர் குடித்ததையெல்லாம்
பதினெட்டு வருஷமாகக்
குனிந்தே வாசித்திருக்கிறேன்.
யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார்,
யார் வீட்டுக் கழிப்பறை ராத்திரியெல்லாம் ஒழுகுகிறது,
எந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவரானார்கள்,
எல்லாம் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

ஏழாம் தெருவின் கடைசி வீட்டில் மட்டும்
எண் அசையவில்லை.
ஜூனில், நூற்றுப் பதினோரு டிகிரி,
தாரில் செருப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது,
அப்போதும் பேருக்குத்தான் நகர்ந்தது.
ஜூலையிலும் அதே கதை.
"ஒன்று மீட்டர் செத்திருக்கும்,
இல்லை அவள் திருடுகிறாள்,
போய்ப் பார் எலாடியோ" என்றாள்
ஆபீசில் மார்லா.

ஆகஸ்டில் போனேன்.
லவீனா ஆன்டோன், நைட் டூட்டி முடிந்து
ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல்
சப்பாத்திக்கள்ளிப் பழங்களை
இடுக்கியால் திருகி
வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.
விஷயத்தைச் சொன்னேன்.
"தேடிக்கொள்" என்றாள்.
"கூடவே இந்த வாளியையும் பிடி."

தேடினேன்.
திருட்டுக் குழாய் இல்லை.
ஏசி மெஷினின் வால் ஒன்று
ஓட்டை போட்ட காபி டின்னில்
சொட்டிக்கொண்டிருந்தது.
டின்னுக்குக் கீழே, மெஸ்கீட் மரத்து நிழலில்,
மிளகளவே உள்ள மிளகாய்.
கூரையிலிருந்து இறங்கிய தகரம்
முற்றத்துக் குழியில் முடிந்தது,
குழி முழுக்கத் தெப்பரிப் பயற்றுக் கொடி.
ஓரத்தில் யாரும் விதைக்காத பருப்புக்கீரை.
வேலியில் ஒரு பெரிய ஓட்டை.
"காட்டுப்பன்றி" என்றாள்.
"அதன் பங்கைத் தின்றுவிட்டது.
கொஞ்சம் கூடுதலாகவே."

ஒரு கொடி வாடியிருந்தது.
இதற்குக் கொஞ்சம் ஊற்றலாமே என்றேன்.
வாளியைப் பார்த்தபடி சொன்னாள்:
"ஊற்றினால் இலையாக விட்டுத் தள்ளும், காய்க்காது.
செத்துவிடுவோமோ என்று ஒரு தடவையாவது
அதற்குத் தோன்ற வேண்டும்.
அப்புறம்தான் விதை ஞாபகம் வரும்."

என் வீட்டு எலுமிச்சையை நினைத்துக்கொண்டேன்.
ஆறு வருஷமாய்க் குழாயைத் திறந்து விட்டிருக்கிறேன்.
யானை மறையும் அளவுக்குப் பச்சை.
ஒரு பூ கிடையாது.

வாசலுக்கு வந்து மூடியைத் திறந்து
மீட்டர் முன் குந்தினேன்.
கண்ணாடிக்குள் கடுகளவில் ஒரு சிவப்புச் சக்கரம்.
ஒரு சொட்டு நகர்ந்தாலும் அது சுழல வேண்டும்.
சுழலவில்லை.
தட்டினேன். ஊதினேன். சுழலவில்லை.
செத்ததுதான் என்று
பேனாவை எடுத்தேன்.

"தண்ணி குடிக்கிறாயா?"
பதிலுக்குக் காத்திராமல்
உள்ளே போய்விட்டாள்.

சக்கரம் திரும்பியது.
அரை வட்டம், இன்னும் கொஞ்சம்,
பிறகு முழுசாய் ஒரு சுற்று.
நின்றது.

கதவு திறந்தது.
கையில் ஒரு கண்ணாடித் தம்ளர்,
விளிம்புவரை.
பதினெட்டு வருஷத்தில்
நான் படித்த எண்ணையே
முதல் தடவையாகக் குடித்தேன்.
தம்ளரின் அடியில் இருந்த மிச்சத்தை
அவள் கொட்டவில்லை,
மிளகாய்க்குக் கொண்டுபோனாள்.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
மீட்டர் நன்றாக ஓடுகிறது.
எப்படிச் சோதித்தாய் என்று
மார்லா கேட்பாள்.
கேட்கட்டும்.

மேற்கே இடி உருண்டது.
மழை எங்கள் ஊரைத் தாண்டிப் போயிற்று.

ராத்திரி, மேஜை விளக்கடியில்
சாமணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.
வாளி பிடித்த கட்டைவிரலில்
கள்ளியின் பூமுள் ஒன்று.
தடவினால் இருக்கிறது.
வெளிச்சத்தில் பார்த்தால்
இல்லை.