முப்பது நாள்

பத்தரமுல்லை. நாலாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் தியவன்னா
ஆடாமல் அசையாமல் பச்சையாய்க் கிடக்கிறது.
மேசையில் இருநூற்றுப் பதினோரு பக்கம்.
தமிழில் வந்தால்தான்
மக்கள் கருத்துக்கு முப்பது நாள் தொடங்கும்.

நாவற்தரவைக்கு ஒரு வீதி.
பதினாலு கிலோமீற்றர், காபெற்,
இரு ஓரமும் வெள்ளைக்கோடு.

'தணிப்பு நடவடிக்கைகள்' என்று எழுதினேன்.
காய்ச்சல்காரன் நெற்றியில் போட்ட
ஈரத்துணி போல இருந்தது அந்தச் சொல்.
வேறு கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

எழுபத்துமூன்றாம் பக்கத்தில்
'பயன்பாடற்ற நிலம்' என்றிருந்தது.
வரைபடத்தை விரித்து விரல் வைத்துப் பார்த்தேன்.
அது தோணா.
ஒன்பது மாதம் மாடு மேயும்,
மாரி பிறந்தால் குளத்து மிச்சமெல்லாம்
அதன் வழியே கடலுக்குப் போகும்.
ஆய்வுக்குப் போனவர்கள்
ஆகஸ்டில் போயிருக்கிறார்கள்.

பின்னிணைப்பு நான்கில்,
கடைசியாகக் குத்தியிருந்தது ஒரு கொப்பித்தாள்.
கந்தப்போடி இன்பவதி எழுதியது.
தமிழ் என்பதால்
எனக்கு முன் ஒருவரும் வாசித்திருக்க முடியாது.

"ரோட்டு வேணாம் எண்டு சொல்லுறவங்க
ரோட்டுக் கரையில இரிக்கிறவங்க.
என்ட மூத்தவள் உழவு மெசின் பெட்டிக்குள்ள பிறந்தவள்.
பேர் வைக்க முதல் சேறு கழுவினோம்.
எங்களுக்கு ரோட்டு வேணும்.
ஆனா ரோட்டே அணைக்கட்டா மாறினா
தண்ணி எங்கட அடுப்படிக்குள்ளதான் வரும்.
அது போற இடம் எட்டு இரிக்கி.
வந்தா நான் காட்டித் தாறன்."

அறிக்கையில் மதகு மூன்று.
முதல் வரைவில் ஏழு இருந்ததாம்;
திருத்திய மதிப்பீட்டில் மூன்று.

பொறியியலாளர் லலந்த கோதாகொடவிடம் கேட்டேன்.
கெட்ட மனிதர் இல்லை.
தேநீரில் மாரி பிஸ்கட்டை நனைத்தபடி சொன்னார்:
"மிஸ், கடன் தருகிறவர்கள் கிலோமீற்றரை எண்ணுகிறார்கள்.
திறப்பு விழாவில்
மதகைப் படம் பிடித்த ஆளைக் கண்டிருக்கிறீர்களா?
நாலு மதகு கூடினால் வீதி
பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.
அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்வீர்களா?"

பதில் வரவில்லை எனக்கு.
பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

அன்று வீட்டுக்கு பஸ் வர இரண்டு மணித்தியாலம்.
வெல்லம்பிட்டியில் என் வீட்டுச் சுவரில்
இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு.
மூன்று தரம் தீந்தை பூசியும் மேலே வருகிறது.
காணி உறுதியில் சிங்களத்தில் 'தெனிய' என்றிருந்தது.
சதுப்பு.
விலை மலிவு, ஸ்டேஷன் கிட்ட, பிள்ளைக்குப் பள்ளி.
பத்தொன்பது வருடம் மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவள்
கையெழுத்திடும்போது
அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்கவில்லை.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.
சேர்க்கவில்லை.
எழுபத்துமூன்றாம் பக்கத்தில்
'பயன்பாடற்ற நிலம்' வந்த இடமெல்லாம்
'தோணா' என்று எழுதினேன்.
இன்பவதியின் தாளைச் சிங்களத்தில் பெயர்த்தேன்,
யாரும் கேட்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில்.
'அடுப்படி'க்கு மட்டும் சொல் உடனே வந்தது.

இன்று பதினேழாம் நாள்.
கோதாகொட இன்டர்கொம்மில் அழைத்தார்.
"தோணா என்றால் என்ன மிஸ்?"

"ஆகஸ்டில் தெரியாது," என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, வாகனம் கேட்கும் படிவம்
எந்த அலுமாரியில் என்று கேட்டார்.
அதில் மூன்று கையெழுத்து வேண்டும்.
ஒருவர் லீவில்.

வெளியே மழை பிடித்துவிட்டது.
தியவன்னா இப்போது
கார் நிறுத்துமிடத்தின் முதல் வரிசை வரை
வந்து நிற்கிறது.