பதினெட்டு டிகிரி

ஆய்வுக்கூட வாசலில் மாட்டியிருக்கும் படத்தில்
எப்போதும் குளிர்காலம்.
ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர், நானூறு வருடம் முன்பு.
பனி பெய்தால்தான் பிணம் நாலு நாள் தாங்குமாம்.
அதற்காகத் தூக்குத்தண்டனையைக்கூட
மார்கழிவரை தள்ளிப்போடுவார்களாம்.
பேராசிரியர் குவெக் வருடாவருடம்
புதுப் பிள்ளைகளிடம் சொல்வார்.
வருடாவருடம் நானும் பின்னால்
வாளியோடு நின்று கேட்பேன்.

வட்டவட்டமாய்ப் படிகள். சீட்டு வாங்கி வந்த கூட்டம்.
மெழுகுவர்த்திகள். ஒருவன் புல்லாங்குழல் வாசிக்கிறான்.
நடுவே வயிறு திறந்து கிடப்பவன்
யாருடைய மேலங்கியையோ திருடியவன்.
எல்லோர் கண்ணும் புத்தகத்தில்,
இல்லாவிட்டால் படம் வரைபவன்மேல்.
அவனையே பார்ப்பது
மேசைக்கடியில் நிற்கும் நாய் ஒன்றுதான்.
தரையைக் கழுவியவளை யாரும் வரையவில்லை.

கெண்ட் ரிட்ஜில் குளிர்காலம் கிடையாது.
சுவரில் ஒரு பொத்தானுக்குள் வைத்திருக்கிறோம்,
பதினெட்டு டிகிரி.
வெளியே புழுக்கம். உள்ளே என் ஸ்வெட்டர்.
ஃபார்மலின் ஏறிய தலைமுடியோடு வீட்டுக்குப் போனால்
மகன் சாப்பாட்டு மேசையில்
கொஞ்சம் தள்ளி உட்காருவான்.

இந்த வாரம் ஒன்பதாம் மேசை.
முகத்தில் துணி. பெயர் இல்லை, எண் மட்டும்.
கேட்கக் கூடாது. கேட்டதும் இல்லை.
இடது கையைத் துடைக்கும்போது பார்த்தேன்:
என்றோ உடைந்து, கோணலாய்ச் சேர்ந்து,
வெளிப்பக்கம் வளைந்த சுண்டுவிரல்.

தொண்ணூற்றாறாம் நம்பர் பேருந்து.
ஆறு வருடம், முதல் இருக்கையிலிருந்து,
சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம்
அந்த விரல் ஸ்டீயரிங்கைத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.
நான் இறங்கும்போது
தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்வார்:
"மெதுவா லா, அக்கா."

எந்த மதியம் கையெழுத்துப் போட்டார்,
வீட்டில் சொன்னாரா, சண்டை வந்ததா,
எனக்குத் தெரியாது.
படத்தில் கிடப்பவனை யாரும் கேட்கவில்லை.
இவரையும் யாரும் கேட்கவில்லை,
இவராகக் கொடுத்திருக்கிறார்.

ஃபர்ஹானா என்றொரு பிள்ளை, முதல் வருடம்,
முன்கையில் வெள்ளையாய் ஓடிய நாணொன்றை
இடுக்கியால் பிடித்து இழுத்தாள்.
விரல் மடங்கியது.
யாரோ சிரித்தார்கள். பயத்தில்தான்.
அவள் விட்டாள், இன்னொரு முறை இழுத்தாள்.
எஃகு மேசையில்
டொக்.

வாய்வரை வந்ததை முகக்கவசத்துக்குள் விழுங்கிக்கொண்டு
காய்ந்திருந்த தரையை மறுபடி துடைத்தேன்.

இரவு, தொண்ணூற்றாறில் வேறொருவர்.
சின்னப் பையன், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்.
இறங்கும்போது, "மெதுவா லா" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
தலையை மட்டும் ஆட்டினான்.