நாற்பத்தொன்றும் நூற்று முப்பத்தைந்தும்

வண்டி ஜன்னலுக்கு எல்லோரும் பசியோடு வருகிறார்கள்.
நான் சட்டைப்பையில் தெர்மாமீட்டரோடு
பின்கதவுக்கு வருகிறேன்.
செயின்ட் லூயிஸ் நகரின் அழையா விருந்தாளி.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் மூன்றே வண்டிகள்.
ஐஸ்கிரீம் ஒன்று, ஹாட்டாக் ஒன்று,
மூன்றாவது என்ன விற்றதென்று
விற்றவனுக்கே தெரியாது.
இந்த மே மாதம் என் பட்டியலில் நூற்றுப் பத்தொன்பது.
தபால் சுமந்தது, ரொட்டி சுமந்தது,
பிணம் சுமந்ததென்று ஊர் சொல்கிற ஒன்று
(பதிவுப் புத்தகம் பார்த்துவிட்டேன், அது பூக்கடை வண்டி).
வங்கி வேலை போனவன்,
விவாகரத்தில் வண்டி மட்டும் கிடைத்தவள்,
பல் மருத்துவம் படித்துவிட்டு வாஃபிள் சுடுகிறவன்.
கடை வாடகை கட்டி மாளாது, என்கிறார்கள்.
சக்கரம் இருந்தால்
கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போகலாம்.
போகிறார்கள்.
எல்லோரும் ஒரே இடத்துக்கு.

நான் கேட்பது நாலே கேள்வி.
குளிர் நாற்பத்தொன்றைத் தாண்டாமல் இருக்கிறதா,
சூடு நூற்று முப்பத்தைந்துக்குக் குறையாமல் இருக்கிறதா,
கை கழுவ வெந்நீர் வருகிறதா,
கழுவிய நீர் எங்கே போகிறது.
அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்
கிருமி குடும்பம் நடத்துகிறது.

யாஸென்கா முயெஸினோவிச்.
பழைய ரொட்டி வண்டி, போஸ்னியச் சமையல்.
விரல் நீளத்துக்கு உருட்டிய இறைச்சி,
தணலில் உப்பிய ரொட்டி, பச்சை வெங்காயம்.
வரிசையில் நிற்பவர்களுக்கு
அவள் இடுப்புக்கு மேலேதான் தெரிவாள்.
பின்கதவுக்காரனுக்கு மிச்சமும் தெரியும்:
பிளாஸ்திரி சுற்றிய கால்விரல்,
உட்காருவதற்கென்று கவிழ்த்து வைத்த,
யாரும் உட்கார்ந்திராத வாளி,
ஆணியில் தொங்கும் கணக்கு நோட்டு.
டீசல், காஸ், வெங்காயம், பார்க்கிங், அபராதம்.
கூலி என்று ஒரு வரி இல்லை.
அது என் வேலை இல்லை என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒருநாள்
அவள் நிற்கிற இடத்தில், காற்றில்,
கைதவறி நீட்டிவிட்டேன் தெர்மாமீட்டரை.
நூற்றுப் பதினெட்டு.
இறைச்சியாக இருந்தால்
அப்போதே குப்பையில் போட்டிருப்பேன்.
படிவத்தில் சமைப்பவளுக்குக் கட்டம் இல்லை.

அதே வாரம் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
குளிர்பெட்டி நாற்பத்தேழு.
ஆறு டிகிரிதான். ஆறு டிகிரிக்கு
ஒன்பது கிலோ இறைச்சி.
யாரும் எடுத்துவிடாதபடி
மேலே பிளீச் ஊற்றச் சொல்கிறது விதி.
ஊற்றினேன்.
வரிசையில் இருந்த இருபத்திரண்டு பேரும்
முகம் சுளிக்காமல், திரும்பிப் பார்க்காமல்
அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள்.
அவள் கையெழுத்துப் போட என் பேனாவைக் கேட்டாள்.
திருப்பித் தரவில்லை.
அடுத்த வண்டி டெல்ராய் விட்ஃபீல்டுடையது,
பன்றித் தோள்கறி.
இருபத்திரண்டு பேரையும் காக்க வைத்துவிட்டு
தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு நீள வயரை
அவள் வண்டிக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.
அது சரியா தவறா என்று
கையேட்டில் தேடவில்லை நான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு,
விடுமுறை, பழைய டி-சர்ட்,
பூங்காவில் வரிசையில் போய் நின்றேன்.
பதினேழு வண்டிகளும் விறைத்தன.
கையுறைகள் மாட்டப்பட்டன, தொப்பிகள் முளைத்தன,
வாஃபிள்காரன் ஒரு தட்டு முழுக்க
காரணமே இல்லாமல் கொட்டினான்.
வெறும் கையை விரித்துக் காட்டினேன்.
யாரும் நம்பவில்லை.

என் முறை வந்தது.
அவள் என்னைப் பார்த்தாள், பத்து துண்டு வைத்தாள்.
பன்னிரண்டு டாலர். சில்லறை எண்ணித் தந்தாள்.
அங்கேயே நின்று கடித்தேன்.
நாக்கு வெந்து கண்ணில் நீர் கட்டியது.
ஜன்னலிலிருந்து குனிந்து
எத்தனை டிகிரி, என்று கேட்டாள்.
வாய் நிறைய இருந்தது.
பின்னால் நின்ற ஒரு பெண்
என் தோளைத் தட்டிச் சொன்னாள்:
ஓரமாய் நின்று தின்னுங்கள் ஐயா,
எங்களுக்கும் பசிக்கிறது.