ஆள் மாறவும்

திபிலீசியில் விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
ரொட்டிக்கடைத் தரையில்
மாவு மூட்டையொன்றை மல்லாக்கக் கிடத்தி
மண்டியிடுகிறான் ஸ்வியாத்.

உப்பு டப்பாமேல் இருக்கும் பேசும் பெட்டிக்கு
ஜார்ஜிய மொழி தெரியாது.
பள்ளியோடு இவன் விட்ட ரஷ்ய மொழியில்
அது எண்ண, இவன் அழுத்துகிறான்.
ஐந்து சென்டிமீட்டர். முழங்கை மடங்கக் கூடாது.
"ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள்."
அது தெரியும் அவனுக்கு.
இருபது வருடம் மாவு பிசைந்த கை.

அந்தக் கைதான்
போன மாதம் வாசலில் ஓத்தார் சரிந்தபோது
மாவோடு அந்தரத்தில் நின்றது.
டாக்சிக்காரன். ஒருநாளும் கடன் சொல்லாதவன்.
யாரோ தண்ணீர் என்றார்கள்.
இவன் தண்ணீர் கொண்டுவந்தான்.

முப்பது. இப்போது இரண்டு மூச்சு.
மூட்டைக்கு ஏது மூக்கு?
குனிந்து ஊதுகிறான். புருவம்வரை வெள்ளை.

"எவ்வளவு நேரம்?"
"உதவி வரும்வரை."
வேறு வார்த்தையில் திரும்பக் கேட்கிறான்.
அதே பதில்.

"இரண்டு நிமிடம் ஆயிற்று. ஆள் மாறவும்."

ஆளுக்கு எங்கே போவது?
அழுத்திக்கொண்டே இருக்கிறான், தோள் நடுங்க.
எப்போது வந்தாளோ மக்வாலா,
மோதிரத்தைக் கழற்றி
அவன் சட்டைப்பையில் போடுகிறாள்.
"தள்ளு."